பழைய கிட்டாரும் பத்து நாள் கூலியும்

ஒரு சாமானை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லித் தர ஊரில் ஆயிரம் பேர் உண்டு. புடைவை வாங்கப் போனால் பக்கத்து வீட்டு அம்மாள் கூட வருவாள். நகை வாங்கப் போனால் நாத்தனார் வருவாள். ஆனால் வீட்டிலுள்ள ஒரு சாமானை விற்க வேண்டி வந்தால், யார் துணைக்கு வருகிறார்கள்? விற்பது என்றாலே ஏதோ வெளியே சொல்லக் கூடாத காரியம் போல நாம் நினைத்துவிடுகிறோம். அதனால்தான் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்து, பிறகு வருஷக் கணக்கில் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

பாத்திரம் பழசானால் எடைக்குப் போடலாம். நகைக்கு அன்றன்றைய விலை பத்திரிகையில் வந்துவிடுகிறது. சங்கீத வாத்தியங்களுக்குத்தான் எடையும் இல்லை, மார்க்கெட் விலையும் இல்லை. உங்கள் வீட்டு மூலையில் உறை போட்டு நிற்கும் வீணையோ, பீரோவுக்குப் பின்னால் கிடக்கும் கிட்டாரோ என்ன பெறும் என்று உங்களால் உடனே சொல்ல முடியுமா? முடியாதல்லவா! அதைக் கடையில் கொடுப்பதா, தெரிந்தவர் மூலமாக நாமே விற்பதா என்ற கேள்வி எங்கள் வீட்டில் வந்தது. அப்போது கற்றுக்கொண்டதை உங்களிடம் சொன்னால் யாருக்காவது உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் வெடியும் தீப்பெட்டியும் அச்சுமாகப் பிழைக்கிறோம். என் கணவர் ஒரு பட்டாசு ஆலையில் கணக்கெழுதுகிறவர். 2018-ம் வருஷம் அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசு பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கலாம். பேரியம் சேர்க்கக் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் செய்ய வேண்டும் என்று உத்தரவு. டில்லியில் பிள்ளைகள் மூச்சுத் திணறாமல் இருக்க வேண்டும் என்பது நியாயந்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேரியம் இல்லாமல் எதைச் செய்வது என்று தெரியாமல், அந்தத் தீபாவளி முடிந்த கையோடு எங்கள் பக்கத்து ஆலைகள் கதவைச் சாத்தின. மாதக் கணக்கில் வேலை இல்லை. சம்பளமும் இல்லை.

தை பிறந்தபோது, மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஐயாயிரம் ரூபாய் துண்டு விழுந்தது. கட்டுவதற்குப் பன்னிரண்டு நாள் தவணை. நகை ஏற்கனவே அடகுக்குப் போயிருந்தது. வீட்டில் பெறுமானமுள்ள சாமான் என்று மிச்சமிருந்தது மகனுடைய கிட்டார் ஒன்றுதான்.

இளையராஜா பாட்டில் வரும் கிட்டாரைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளை அவன். 2014-ல் கல்லூரிக்குப் போனபோது, அடம் பிடித்து வாங்கிக்கொண்டான். யமஹா கம்பெனியின் எஃப் 310 என்ற ரகம். எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். இப்போது கோயமுத்தூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். கைக்கும் வாய்க்குமான சம்பளம். டெலிபோனில் கேட்டேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வித்துடும்மா. தங்கச்சி படிப்புதான் முக்கியம். ஆனா வாசிக்கிறவங்க கையில போகணும்" என்றான்.

"வாசிக்கிறவர் கையில் போக வேண்டும்" என்பது ஒரு நிபந்தனை. "ஐயாயிரம் வேண்டும்" என்பது இன்னொன்று. "பன்னிரண்டு நாள்" என்பது மூன்றாவது. நீங்கள் எதை விற்பதாக இருந்தாலும் முதலில் இப்படி மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பணமா, நேரமா, யார் கையில் போகிறது என்பதா? எது உங்களுக்குப் பெரிது என்று தெரிந்தால்தான் கடையா, நேர் விற்பனையா என்று முடிவு செய்ய முடியும்.

முதலில் மதுரையில் ஒரு வாத்தியக் கடைக்கு நானும் என் கணவரும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனோம். பஸ்ஸில் அதற்கும் ஓர் ஆள் இடம் வேண்டியிருந்தது! கடைக்காரர் நல்ல மனிதர். கம்பியைத் தட்டிப் பார்த்தார். கழுத்துப் பலகையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் உளிப்பிடி பார்ப்பது போலப் பார்த்தார். "ரொக்கமாக வேண்டுமானால் மூவாயிரம். இங்கேயே வேறு வாத்தியம் எடுத்துக்கொண்டால் நாலாயிரம் கழித்துக்கொள்கிறேன்" என்றார்.

எட்டாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கியது மூவாயிரமா! என் கணவருக்கு முகம் சுண்டிவிட்டது. நான், "அண்ணாச்சி, இதை நீங்கள் எவ்வளவுக்கு விற்பீர்கள்?" என்று நேராகவே கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "ஆறாயிரத்துக்கு எழுதி வைப்பேன். ஐயாயிரத்து ஐந்நூறுக்குப் போகும். புதுசே ஒன்பதாயிரத்துக்குக் கிடைக்கிறபோது அதற்கு மேல் யார் தருவார்கள்?" என்று சொல்லிவிட்டு விரல் விட்டு எண்ணினார். கம்பி மாற்ற வேண்டும், மெட்டுகளைத் தேய்த்துச் சரி செய்ய வேண்டும். அதற்கு எழுநூறு ரூபாய். அது நாளைக்கே விற்கலாம். ஆறு மாதம் சுவரிலும் தொங்கலாம். அதுவரை அவருடைய மூவாயிரம் முடங்கிக் கிடக்கும். வாங்குகிறவன் ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கொண்டு வந்தால், அதையும் இவர்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும். வாடகை, பையன் சம்பளம், வரி எல்லாம் தனி. (பழைய சாமானுக்கு முழு விலைக்கும் வரி இல்லை, வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜி.எஸ்.டி. கட்ட வியாபாரிக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.)

நான் பட்டாசுக்காரர் வீட்டுப் பெண். ஆலை வாசலில் ஒரு விலை, மொத்தக் கடையில் ஒரு விலை, தெருமுனையில் ஒரு விலை என்பதைப் பார்த்துப் பழகியவள். ஆகவே அவர் சொன்ன கணக்கு எனக்குப் புரிந்தது. மாற்றிக்கொண்டால் ஆயிரம் அதிகம் தருவதற்கும் காரணம் உண்டு: புதுச் சாமான் ஒன்று விற்கும்போது அதிலும் அவருக்கு லாபம் கிடைக்கிறது. ஆனால் எங்களுக்கு வேண்டியது வேறு வாத்தியமல்ல, கல்லூரிச் சீட்டு.

கடையில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. சாமானை அங்கே வைத்துவிட்டு வரலாம். விற்றால் கமிஷன் போக மிச்சத்தைத் தருவார்கள். அவசரமில்லாதவர்களுக்கு அது மிகவும் நல்லது. பன்னிரண்டு நாள் தவணைக்காரருக்கு உதவாது.

"இன்றைக்கே மூவாயிரம் கையில் வருகிறதே, கொடுத்துவிடலாம்" என்றார் என் கணவர். அதுவும் தப்பில்லை. ஆனால், "ஐந்நூறு குறைந்தாலும் கடைக்காரர் நாளைக்கும் வாங்குவார். பத்து நாள் நாமே பார்ப்போம், இரண்டு நாள் மிச்சம் வைத்துக்கொள்வோம்" என்றேன். கடைக்காரரிடமே அதைச் சொன்னேன். "தாராளமாகப் பாருங்கள் அம்மா, என் விலை இருக்கிறது" என்றார். பாருங்கள், கடை விலை என்பது நம் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் மாதிரி. அதில் சாய்ந்துகொண்டு பேரம் பேசினால் பயமில்லை. ஆகவே நீங்களே விற்பதாக இருந்தாலும், முதலில் ஒரு கடையில் விலை கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வேலை ஆரம்பமாயிற்று. எங்கள் பக்கத்து வறண்ட காற்றுதான் வெடிக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுக்கும் மூலதனம். கிட்டாருக்கோ அதுவே பகை! கிட்டாரின் மரத்துக்குக் காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருந்தால் சுகம். அதற்குக் கீழே போனால் மரம் சுருங்கும். மெட்டுக் கம்பிகளின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். மேல் பலகை உள்வாங்கிக் கம்பி இரையும். சென்னைக்காரர்களுக்கு நேர்மாறான கஷ்டம். கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும்; பலகை உப்பும். எங்கள் கிட்டாரில் மூன்றாவது கம்பி ஓரிடத்தில் இரைந்தது. ஊரில் மரவேலை தெரிந்த ஒருவர் நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு மெட்டு நுனிகளை அரம் போட்டுக் கொடுத்தார். புதுக் கம்பி ஒரு செட் நானூற்றைம்பது ரூபாய். பழைய சோப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த பஞ்சை வைத்து, கிட்டார்ப் பைக்குள் வைத்தேன். நாலு நாளில் இரைச்சல் பாதி குறைந்தது. மீதிப் பாதி போகவில்லை.

பிறகு பழைய சாமான் விற்கும் இணையப் பக்கத்தில் மகள் விளம்பரம் போட்டாள். பில் இருக்கிறது, பை இருக்கிறது, மூன்றாவது கம்பி கொஞ்சம் இரையும், விலை ஐயாயிரத்து ஐந்நூறு என்று உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னேன். "குறையை நாமே சொல்லுவார்களா அம்மா?" என்றாள். சொல்ல வேண்டும். கடையில் வாங்குகிறவனுக்குக் கடைதான் ஜாமீன். நம்மிடம் வாங்குகிறவனுக்கு நம் வார்த்தை ஒன்றுதானே ஜாமீன்!

அப்புறம் டெலிபோன் அடிக்க ஆரம்பித்தது, அடிக்க ஆரம்பித்தது, அப்படி அடித்தது! ஒருவர் கிட்டாரைப் பார்க்காமலே, "இரண்டாயிரம், இப்பவே வர்றேன்" என்றார். ஒருவர் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, "ஸிதாரும் இருக்கா?" என்றார். ஒருவர் மூன்று நாள் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி, கடைசி வரை வரவில்லை. இன்னொருவர் தம்மை ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, பேரமே பேசாமல் ஒப்புக்கொண்டார். "பணம் அனுப்புகிறேன், இந்தப் படத்தை உங்கள் போனில் ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்றார். சகோதரிகளே, இதை மட்டும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பணம் பெறுவதற்கு ரகசிய எண் போட வேண்டிய அவசியமே கிடையாது. எண்ணைப் போட்டால் பணம் நம்மிடமிருந்துதான் போகும். மகள் டெலிபோனை வைத்துவிட்டாள். இப்படிப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

அந்நியர்கள் வீட்டுக்கு வரும்போது வீட்டில் பெண்கள் தனியாக இருக்கக் கூடாது என்று என் கணவர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஆள் இல்லாத வீட்டில், நேர் விற்பனையில் வரும் அதிகப் பணத்தைவிடக் கடையின் மூவாயிரம் மேல்.

பத்தாம் நாள் திருத்தங்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். தீப்பெட்டி ஆலையில் வேலை. கூடப் பத்தாவது படிக்கும் மகன். சர்ச் பாடகர் குழுவில் இரவல் கிட்டாரில் வாசிக்கிறானாம். பையன் உட்கார்ந்தான், சுருதி சேர்த்தான், வாசித்தான். உள்ளே சமையல் வேலையாக இருந்த என் மகள் கரண்டியோடு வெளியே வந்து நின்றுவிட்டாள். மூன்றாவது கம்பி இரைகிற இடத்தைப் பையனே கண்டுபிடித்து, "இங்கேதானே பெரியம்மா?" என்றான். அந்த இடத்துக்காக ஐந்நூறு குறைத்து ஐயாயிரம் என்றேன்.

அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "அக்கா, மூவாயிரத்து ஐந்நூறுதான் இருக்கு. மிச்சம் மாசம் ஐந்நூறா மூணு மாசத்துல தந்திர்றேன். கிட்டார் உங்ககிட்டவே இருக்கட்டும், பணம் முடிஞ்சதும் எடுத்துக்கிடுதோம்" என்றாள்.

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கடையின் ரொக்கத்தைவிட ஐந்நூறு அதிகம் கையில் வருகிறது. ஆனால் மிச்சம் ஆயிரத்து ஐந்நூறு வெறும் வாக்கு. எங்களுக்கோ இரண்டே நாளில் ஐயாயிரம் வேண்டும். என் கணவர் உள்ளே வந்து, "யாரோ எவரோ" என்று மெல்லச் சொன்னார். ஆலை மூடிய மூன்று மாதமாக, மளிகைக் கடை அண்ணாச்சி எங்களிடம் அப்படிச் சொல்லாமல்தானே அரிசி போட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் மகளிர் குழுவில் ஆயிரத்து ஐந்நூறு கடன் கிடைக்கும் என்பதும் தெரியும். ஆகவே கிட்டாரை அன்றைக்கே கொடுத்தனுப்பினேன். மூன்று மாதம் வாசிக்காமல் எங்கள் வீட்டில் கிடந்தால் அது யாருக்குத்தான் லாபம்? ஒரு தாளில் விவரம் எழுதி, கிட்டாருக்குள்ளே ஒட்டியிருக்கும் நம்பரையும் குறித்து, இருவரும் கையெழுத்துப் போட்டோம். பில்லையும் கொடுத்தேன். அது திருட்டுச் சாமான் அல்ல என்பதற்கு அந்தப் பையனிடம் அத்தாட்சி இருக்க வேண்டுமல்லவா?

கட்டணம் தவணைக்குள் கட்டியாயிற்று. அந்த அம்மாள் மூன்று மாதமும் சம்பளம் வாங்கின மறுநாள் ஐந்நூறு ரூபாயைக் கொண்டு வந்து கொடுத்தாள். ஒரு மாதம் மழை, அப்போதும் வந்தாள். மகனிடம் சொன்னேன். "சர்ச்சில் வாசிக்கிறானா? அப்போ வாரம் தவறாம வாசிப்பான்" என்று சொல்லிச் சிரித்தான்.

ஆனால் இந்தக் கதையைக் கேட்டு, கடையைவிட நேர் விற்பனைதான் மேல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கணக்கைப் பார்ப்போம். ஐயாயிரத்தில் கம்பிக்கும் அரம் போட்டதற்கும் அறுநூறு போயிற்று. கையில் நின்றது நாலாயிரத்து நானூறு. கடையில் கொடுத்திருந்தால் மூவாயிரம். வித்தியாசம் ஆயிரத்து நானூறு. அதற்காக ஒரு குடும்பமே பத்து நாள் வேலை பார்த்தது. நாளுக்கு நூற்று நாற்பது ரூபாய். கடைக்காரர் பிடித்துக்கொள்வதாகச் சொன்ன பணம் எங்கே போகிறதென்று இப்போது தெரிகிறதல்லவா? அது விற்கிற வேலைக்கான கூலி. கடையில் கொடுத்தால் கூலி அவருக்கு. நாமே விற்றால் கூலி நமக்கு, கூடவே வேலையும் நமக்கு! ஆலை மூடிக் கிடந்த அந்தத் தை மாதத்தில் எங்களிடம் பணம் இல்லை, நேரம் இருந்தது. அதனால் அந்தக் கூலியை நாங்களே எடுத்துக்கொண்டோம். உத்தியோகத்துக்குப் போகும் பெண்மணிக்கு இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கும். அவர் கடையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவதே புத்திசாலித்தனம். விரிசல் கண்ட வாத்தியத்தையும், அதைவிட நல்லதொன்று மாற்றி வாங்க நினைக்கும்போதும் கடையே சரி.

பழசானால் வாத்தியத்துக்கு விலை ஏறும் என்று சிலர் சொல்லுவார்கள். அமெரிக்காவில் 1833 முதல் கிட்டார் செய்யும் மார்ட்டின் கம்பெனியின் 1930-களின் கிட்டார்களுக்கு இன்று லட்சக் கணக்கில் விலை இருப்பது வாஸ்தவந்தான். தொழிற்சாலையில் ஆயிரக் கணக்கில் செய்து வரும் நம் வீட்டுக் கிட்டாருக்கு அந்த யோகம் கிடையாது. வருஷம் ஏற ஏற விலை இறங்கும். வைத்துக்கொள்ள மனமிருந்தால் வாசிப்பதற்காக வைத்துக்கொள்ளுங்கள். விலை ஏறும் என்று வைக்காதீர்கள்.

வீணை விஷயம் கொஞ்சம் வேறு. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலா மரத்தில் ஒரே கட்டையில் குடைந்த ஏகாந்த வீணைக்கும், துண்டுகளை இணைத்துச் செய்த ஒட்டு வீணைக்கும் மதிப்பு வேறு. மெழுகு இளகி, மெட்டுகள் இடம் மாறியிருந்தால் விலை கேட்கப் போவதற்கு முன்னால் மேளம் கட்டத் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். இருபத்துநாலு மெட்டும் சரியாக நின்றால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: பாட்டி காலத்து வீணையில் யானைத் தந்த வேலைப்பாடு இருந்தால் அதை விற்பது சட்டப்படி குற்றம். அதைப் பேத்திக்குச் சொல்லி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சென்னை அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிகல் கடை 1842-ல் தொடங்கியது. அந்தக் காலத்திலிருந்து எத்தனை வாத்தியங்கள் நம் நாட்டில் கைமாறியிருக்கும்! ஒவ்வொன்றையும் விற்ற வீட்டில் ஏதோ ஒரு கஷ்டமோ, ஏதோ ஒரு கல்யாணமோ, கடல் தாண்டிப் போன ஒரு பிள்ளையோ இருந்திருப்பார்கள். ஆகவே விற்க நேர்ந்தால் கூச்சப்படாதீர்கள். இரண்டு இடத்தில் விலை கேளுங்கள், குறையை ஒளிக்காதீர்கள், உங்கள் நேரத்துக்கும் ஒரு விலை போடுங்கள். பீரோவுக்குப் பின்னால் ஏதாவது கிடக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தரம் எட்டிப் பாருங்கள். கம்பியை மட்டும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்; விற்றாலும் விற்காவிட்டாலும் அதற்கு நல்லது.